பாலாத்துல தண்ணி வந்தா நீந்தலாமா? ஆத்து அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

காட்பாடி_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் காட்பாடி பக்கம், வேலை பெங்களூர்ல. ரெண்டு வருஷமா இங்க அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துல தினம் காலைல நீந்தறேன், 25 மீட்டர் குளம், நிக்காம நாப்பது தடவ போவேன், மொத்தம் ஒரு கிலோமீட்டர் வரும். எங்க தாத்தா வயசுப்பையனா இருக்கும்போது ஐப்பசி மாசம் பாலாத்துல இந்தக் கரைலருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போய் சொந்தக்காரங்க வீட்ல சாப்ட்டுட்டு திரும்பி வருவாராம், அத கேட்டதுலருந்து எனக்கும் ஒருதடவையாவது நம்ம ஆத்துல நீந்தணும்னு ஆசை. இந்த வருஷம் மழைல தண்ணி வந்தா சித்தப்பா பசங்க நாலு பேரோட வரலாம்னு இருக்கேன். விரிஞ்சிபுரத்துலருந்து திருவலம் வரைக்கும் எந்த எடம் நல்லா இருக்கும், இல்ல குடியாத்தம் மோர்தானா பக்கம் போலாமா? தடுப்பணை பக்கம் தண்ணி சுத்தமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, அது சரியா?

பாலாத்தங்கரை

தம்பி, போறதுக்கு முன்னாடி கேட்டியே, அதுக்கே சந்தோஷம்ப்பா. நான் பள்ளிகொண்டா பக்கம், ஆத்தங்கரைலயே பொறந்து வளந்தவன், வயசு அம்பத்தாறு ஆவுது.

உங்க தாத்தா நீந்தினது நெசம் தான், எங்க நைனாவும் அப்டி தான் போவாரு. ஆனா அவங்க காலத்துல ஆத்துல கரையிலருந்து கரை வரைக்கும் மணல் ஒரே மட்டமா இருந்துச்சு, தண்ணி வந்தா இடுப்பளவு, மிஞ்சினா கழுத்தளவு, எங்க மடு இருக்குன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் தண்ணி வந்ததால ஆத்த பத்தி பேச்சு வூட்ல இருந்துக்கினே இருந்துச்சு, பசங்க அத கேட்டே வளந்தாங்க. இப்ப அப்டியா? பல வருஷம் காஞ்சி கெடக்குது, திடீர்னு ஒரு வருஷம் வருது, அதுக்குள்ள ஒரு தலமுறையே ஆறுன்னா என்னான்னு தெரியாம வளந்துடுச்சு. நடுவுல மணல அள்ளி அள்ளி பொக்லைன் தோண்டின பள்ளம், எங்க எத்தினி அடின்னு யாருக்கும் கணக்கு கெடயாது.

2021 நவம்பர்ல வந்துச்சே பெரிய வெள்ளம், அது வடிஞ்சி ஒரு மாசம் கழிச்சி நடந்தத சொல்றேன். தண்ணி கொறஞ்சி பளபளன்னு ஓடுது, எங்க தெரு பையன் ஒருத்தன், காலேஜ் படிக்கறவன், கிணத்துல மீனு மாதிரி நீந்துவான், மூணு பேரோட எறங்கி நடந்து போய்க்கினு இருக்கான், முட்டிக்கு மேல தண்ணி இல்ல. நான் கரைல மாடு கழுவிக்கினு பாத்துக்கினே இருக்கேன். ஒரு அடி வச்சான், ஆளக் காணோம். கத்தல, கை தூக்கல, ஒன்னும் இல்ல. அப்பால தலை வெளிய வந்துச்சு, வாய் தண்ணி மட்டத்துல, ரெண்டு கையையும் பக்கத்துல தண்ணிய அமுக்கறா மாதிரி வச்சிக்கினு இருந்தான், மறுபடியும் உள்ள போய்ட்டான். கூட வந்தவங்க வெளையாட்றான்னு சிரிச்சிக்கினு நிக்கறாங்க. துணி தொவச்சிக்கினு இருந்த ரெண்டு பொம்பளைங்க தான் ஈர பொடவைய முடிச்சு போட்டு வீசினாங்க, மூணாவது வீச்சுல புடிச்சான்.

வெளிய வந்து அவன் சொன்னது இன்னும் மறக்கல. பள்ளத்தோட ஓரத்துல கால் வச்சா மணல் சர்க்கரை மூட்டை ஓட்டை விழுந்தா மாதிரி சரியுதாம், மேல ஏற கால ஊன்ற ஊன்ற இன்னும் சரிஞ்சி உள்ள இழுக்குதாம். நீச்சல் தெரிஞ்சவன், நீந்தியே இருக்கலாம், ஆனா நடந்துக்கினு இருந்தவன் திடீர்னு முழுகினா மூக்குலயும் வாயிலயும் தண்ணி போய்டும், அப்ப நீச்சல் ஞாபகத்துக்கே வராது.

அதனால உன் ஒரு கிலோமீட்டர நம்பி எறங்காத. குளத்துல அடில இருக்கற கோடு தெரியும், ஓரத்துல புடிச்சிக்க கம்பி இருக்கும். இங்க உன் கால உன்னாலயே பாக்க முடியாது.

திருவலம்_பயணி

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. திருவலம் பக்கம் ஓடற பொன்னை ஆத்த பத்தி நான் சொல்றேன், அங்க இறங்கலாமான்னு கேட்டதால.

இங்க ஒரு பொட்டு மழை இருக்காது, வெயில் அடிக்கும், ஆனா சித்தூர் பக்கம் மழை பெஞ்சி கலவகுண்டா அணைல தண்ணி தொறந்தா இங்க ஆறு ஏறிடும். பாலாறும் அப்டி தான், தலைப்பு நந்திமலைல இருக்கு, கோலார் பக்கம் பெஞ்சா வாணியம்பாடில தெரியும். வானத்த பாத்து முடிவு பண்ணாதீங்க, மேல என்ன மழைன்னு பாருங்க.

தண்ணி வேகம் என்ன பண்ணும்னு தெரியணும்னா 2021 டிசம்பர்ல நடந்தத நெனச்சி பாருங்க, திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவுல பொன்னை ஆத்து ரயில் பாலத்துல வெள்ளம் தூண் கிட்ட அரிச்சி எடுத்ததால சென்னை லைன்ல எத்தன ரயில நிறுத்தினாங்க. ரயில் தாங்கற தூணுக்கே அந்த நெலம. தண்ணி வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது தள்ற பலம் நாலு மடங்கு ஆகும், பாத்தா முன்ன மாதிரி தான் ஓடறா மாதிரி இருக்கும், ஆனா நிக்க முடியாது. வேகமா ஓடற தண்ணி கணுக்காலுக்கு மேல ஒரு சாண் இருந்தாலே பெரிய ஆள தள்ளிடும், ஒரு அடி ஓடினா சின்ன காரையே தூக்கிடும். தரைப்பாலத்துல தண்ணி ஓடும்போது பைக்க விடறவங்க இத மனசுல வைக்கணும்.

எறங்கினதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சிய நட்டு வச்சிடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா திரும்பிப் பாருங்க. குச்சி உள்ள போயிருந்தாலோ, தண்ணி செம்மண் கலருக்கு மாறினாலோ, எலை தழை சுள்ளி மெதந்து வர ஆரம்பிச்சாலோ, துணிய கூட எடுக்காம மேல ஏறிடுங்க.

வாலாஜா_வாத்தியார்

எனக்கு இந்த இழையே வருத்தமா இருக்கு. முப்பது வருஷமா பள்ளிக்கூடத்துல இருக்கேன், லீவு விட்டு திரும்பி வரும்போது வருகைப்பதிவேட்டுல ஒரு பேர சிவப்பு மைல அடிக்கறது எனக்கு நாலு தடவ நடந்திருக்கு. பெரும்பாலும் டவுன்லருந்து ஆயா வூட்டுக்கு வந்த புள்ளைங்க. ஏரில செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, கிணறு, ஆத்துப் பள்ளம். எந்த எடம் நல்லா இருக்கும்னு கேக்காதீங்க தம்பி, போகாதீங்க. ஆறு பாக்கணும்னா பாலத்து மேல நின்னு பாருங்க.

ஆரணி_அக்கா

சார், உங்க வேதன எனக்கு புரியுது, நான் உங்கள எதுத்து பேசறதா நெனைக்காதீங்க. ஆனா இத சொல்லாம இருக்க முடியல.

எங்க வூட்ல எங்க அம்மா அதையே தான் சொன்னாங்க. தண்ணி பக்கமே போகக்கூடாதுன்னு. எங்க தாய்மாமா ஒருத்தர் சின்ன வயசுல கிணத்துல போய்ட்டாரு, அந்த பயம். அதனால என் தம்பிக்கு யாரும் நீச்சல் கத்துக்குடுக்கல, நானும் கத்துக்கல. அவனுக்கு பதினாறு வயசுல, ஏரி நெறஞ்சி கலங்கல் போற நேரம், கூட்டாளிங்களோட வேடிக்க பாக்க தான் போனான், எறங்கவே இல்ல, கரை வழுக்கிச்சி. போகாதேன்னா புள்ளைங்க போகாம இருக்கறது இல்ல சார், நம்மகிட்ட சொல்லாம போவாங்க, அவ்ளோ தான். சொல்லாம போனா கயிறு இருக்காது, பெரியவங்க இருக்கமாட்டாங்க.

நான் முப்பத்தெட்டு வயசுல கத்துக்கினேன், என் பொண்ணுக்கு பத்து வயசு, ரெண்டு பேரும் ஒன்னா. எங்க மாமனார் தான் சொல்லிக்குடுத்தாரு, எங்க சொந்த கிணத்துல. அவர் சின்ன வயசுல காஞ்ச சுரைக்குடுக்கய முதுகுல கட்டி கத்துக்கினாராம். எங்களுக்கு அஞ்சு லிட்டர் எண்ண கேன் ரெண்டு, மூடிய இறுக்கி, துண்டால மாருக்கு கீழ கட்டி விட்டாரு, அது போதாதுன்னு இடுப்புல தாம்புக்கயிறு கட்டி மேல அவர் புடிச்சிக்கினு நின்னாரு. மொத பத்து நாள் நீச்சலே இல்ல, மல்லாக்க படுத்து மெதக்கறது மட்டும் தான். காத தண்ணிக்குள்ள வுடு, வானத்த பாரு, வயித்த மேல தூக்கு, மூச்ச நெஞ்சுல வச்சிக்கோ, இதையே திரும்ப திரும்ப. எனக்கு காதுல தண்ணி போனதும் பயந்து ஒக்காந்துடுவேன், ஒக்காந்த ஒடனே முழுகிடுவேன். பதினோராவது நாள் தான் கை கால ஒன்னுமே பண்ணாம தண்ணி என்ன தாங்கிச்சி. அன்னைக்கு கிணத்துக்குள்ளயே அழுதுட்டேன், தம்பிக்கு இது ஒன்னு தெரிஞ்சிருந்தா போதுமேன்னு.

இன்னொன்னு, பொண்ணுங்களுக்கு சொல்லித்தர ஆளே இல்ல. பசங்க எப்டியோ ஒருத்தன பாத்து ஒருத்தன் கத்துக்கறான், பொண்ணுங்க தொவைக்க போறாங்க, குடத்தோட போறாங்க, கால் வழுக்கினா பொடவ கால சுத்திக்கும். அவங்களுக்கு தான் மொதல்ல கத்துக்குடுக்கணும்.

வாலாஜா_வாத்தியார்

அம்மா, உங்க தம்பிய பத்தி படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒன்னும் எழுத முடியல. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. கத்துக்கறதுக்கு நான் எதிரி இல்ல. ஆனா தெரியாத ஆத்துல அஞ்சு வாலிப பசங்க ஒன்னா எறங்கறது வேற, மாமனார் கயிறு புடிச்சிக்கினு நிக்கற கிணறு வேற. அத மட்டும் ஒத்துக்குங்க.

ஆரணி_அக்கா

ஒத்துக்கறேன் சார், முழுசா.

குடியாத்தம்_மேற்கு

மோர்தானா பக்கம் கேட்டதால சொல்றேன். அணை நெறஞ்சா தண்ணி தானா மேல வழியும், கௌண்டன்யா ஆறு ஊருக்கு நடுவுல வரும், அப்ப ஆத்தோரம் இருக்கறவங்கள ஜாக்கிரதயா இருக்கச் சொல்லி அறிவிப்பு வரும். அந்த நேரம் அணை பக்கமோ ஆத்துலயோ எறங்கற பேச்சே வேணாம்.

தம்பி தடுப்பணை சுத்தமா இருக்கும்னு கேட்டாரே, அதுக்கு தான் முக்கியமா எழுதறேன், ஏன்னா பாக்க அருவி மாதிரி அழகா வழியும், எல்லாரும் அங்க தான் போட்டோ எடுக்கறாங்க, அங்க தான் உயிரும் போவுது. மேலருந்து தண்ணி விழுந்த எடத்துல அடில போய் ஒரு உருளை மாதிரி சுத்தி, மேல்மட்டத்துல திரும்பவும் செவுரு பக்கமே வரும். ஒரு கட்டைய போட்டு பாருங்க, அது கீழ போகாம செவுரு கிட்டயே உருண்டுக்கினு இருக்கும். ஆளும் அப்டி தான், மேல வருவான், செவுருக்கு இழுக்கும், விழற தண்ணி கீழ தள்ளும், மறுபடியும் மேல வருவான். அந்த எடத்துல நொரையா காத்து கலந்திருக்கறதால ஒடம்பும் சரியா மெதக்காது. எவ்ளோ பெரிய நீச்சக்காரனா இருந்தாலும் சரி, எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. தடுப்பணை மேல நடக்கறதும் அதே ஆபத்து, பாசி புடிச்ச சிமெண்டு தளம், சோப்பு தடவினா மாதிரி.

அதே மாதிரி ஆத்து நடுவுல மொளச்சி கெடக்கற வேலிக்காத்தான். தண்ணி முள்ளுக்கு ஊடால போய்டும், ஆள் மாட்டிக்குவான், பின்னாடி வர தண்ணி அமுக்கி புடிச்சிக்கும். அடிச்சிட்டு போனா மல்லாக்க படுத்து கால முன்னாடி நீட்டிக்கினு போங்க, கல்லு முட்டினா கால்ல முட்டட்டும், கரைய பாத்து சாய்வா நீந்துங்க, வந்த எடத்துக்கே திரும்பி போகணும்னு எதிர்த்து அடிக்காதீங்க, அதுல தான் தெம்பு பூரா போய்டும். ஆனா முன்னாடி மரமோ முள்ளோ வந்தா மட்டும் திரும்பி தலைய முன்னாடி வச்சி வேகமா நீந்தி, அது மேல ஏறப் பாக்கணும், அடில போய்டக்கூடாது.

கிணத்து பசங்களுக்கு ஒன்னு. உள்நீச்சல் பந்தயம் வைக்கறீங்களே, யாரு ரொம்ப நேரம் உள்ள இருக்கறதுன்னு. அதுக்கு முன்னாடி தஸ்ஸு புஸ்ஸுன்னு வேக வேகமா மூச்சு வுட்டுட்டு எறங்குவாங்க. அது ரொம்ப தப்பு. மூச்சு முட்டற உணர்வு வர்றது கரியமிலவாயு சேர்றதால தான், வேகமா மூச்சு வுட்டா அது கொறஞ்சிடும், அதனால முட்டற உணர்வு வராமயே ஆக்சிஜன் தீர்ந்து உள்ளயே மயங்கிடுவாங்க. மேல இருக்கறவன் ஜெயிக்கறான்னு எண்ணிக்கினு இருப்பான். என் கூட படிச்சவன் அப்டி மயங்கினான், பம்புசெட் ஓட்ட வந்த அண்ணன் எறங்கி தூக்கினதால பொழச்சான், இப்பவும் அந்த கிணத்த தாண்டி போகும்போது எனக்கு கை நடுங்கும்.

ராணிப்பேட்டை_செவிலி

நான் நர்ஸ், அவசர சிகிச்ச பிரிவுல பதினாலு வருஷம். முழுகினவங்கள தூக்கிட்டு வரும்போது கரைல நடந்தது என்னன்னு கேப்போம், அதுல கேக்கற விஷயங்கள் தான் மனச அறுக்கும்.

ஒருத்தர் தலைக்கு மேல தூக்கி வச்சி சுத்தினோம்னு சொல்வாங்க. வயித்த அமுக்கி தண்ணி எடுத்தோம்னு சொல்வாங்க. உப்பு மூட்டைய கொட்டி புதைச்சா உயிர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சின்னு ஒரு கொழந்தைய மணிக்கணக்கா உப்புல வச்சிட்டு கொண்டு வந்தாங்க. எல்லாம் பாசத்துல பண்றது தான், அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது, ஆனா அந்த நேரம் பூரா மூளைக்கு காத்து போகல. மூச்சு நின்னு நாலஞ்சு நிமிஷத்துலயே மூளை பாழாக ஆரம்பிச்சிடும். வயித்த அமுக்கினா வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போய்டும்.

செய்ய வேண்டியது இது தான். ஒருத்தர் 108க்கு போன் போடட்டும். மல்லாக்க படுக்க வச்சி, தாடைய தூக்கி, பத்து செகண்டு மூச்சு வருதான்னு பாருங்க. வரலன்னா மூக்க புடிச்சிக்கினு வாயோட வாய் வச்சி அஞ்சு தடவ ஊதுங்க, நெஞ்சு மேல எழும்பணும். முழுகினவங்களுக்கு காத்து தான் மொதல்ல, ஏன்னா அவங்களுக்கு இதயம் நின்னதே காத்து இல்லாம தான். அப்பால நெஞ்சு நடுவுல ரெண்டு கைய ஒன்னு மேல ஒன்னு வச்சி முப்பது அழுத்து, பெரியவங்களுக்கு அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100லருந்து 120 வேகம், அப்பால ரெண்டு தடவ ஊது, மறுபடியும் முப்பது. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் நிறுத்தாதீங்க. தண்ணி வெளிய வரலியேன்னு கவலப்படாதீங்க, மூச்சு வந்தா போதும்.

பொழச்சி எழுந்து ஒக்காந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்க. தண்ணிய உறிஞ்சினவங்களுக்கு சில மணி நேரம் கழிச்சி இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். வலிப்பு நோய் இருக்கறவங்க, குடிச்சிருக்கறவங்க, எறங்கவே கூடாது, வெதுவெதுன்னு இடுப்பளவு தண்ணியா இருந்தாலும்.

வெள்ளத் தண்ணில எறங்கினவங்களுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டக்கால் சத வலி, கண் சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட ஆத்துல எறங்கினேன்னு மறக்காம சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம், சீக்கிரம் பாத்தா மாத்திரைலயே சரியாய்டும்.

ஆம்பூர்_வாசி

சுத்தம்னதும் என் பங்குக்கு. பல மாசம் காஞ்சி கெடந்த ஆத்துல மொத தண்ணி வரும்போது குப்ப, சாக்கடை, தோல் கழிவு எல்லாத்தையும் வாரிக்கினு தான் வரும், எங்க பக்கம் நொர பொங்கி காத்துல பறக்கறத எத்தன தடவ பாத்திருக்கோம். அந்த தண்ணில கால் கூட வைக்காதீங்க. இந்த ஆத்த இப்டி ஆக்கினதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு, எங்க ஆயா இதே தண்ணிய ஊத்து தோண்டி குடிச்சாங்க.

பாலாத்தங்கரை

தம்பி, ஒன்னு சொல்ல விட்டுப்போச்சு. நம்ம ஆறு காஞ்சி கெடக்குதேன்னு எல்லாரும் அழறோம், எனக்கும் வயித்தெரிச்சல் தான். ஆனா மத்த ஊர் ஆத்துல கெடைக்காத ஒன்னு நமக்கு கெடச்சிருக்கு, தண்ணி வர்றதுக்கு முன்னாடி அடிய கண்ணால பாக்கலாம். இப்ப ஆவணி, இன்னும் தண்ணி வரல. லீவுல வந்தா எனக்கு தகவல் குடு, கூட நடந்து காமிக்கறேன். ஆனா பெரிய தண்ணி ஒருக்கா வந்துட்டா பள்ளம் எடம் மாறிடும், அந்த வருஷத்துக்கு பாத்தது அதோட சரி, மறுபடி புதுசா தான் பாக்கணும்.

கரைல நிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்த. ஒருத்தன் முழுகினா கூட குதிக்காதீங்க, முழுகறவன் கெடைக்கறத புடிச்சி ஏறுவான், ரெண்டு பேரா போய்டும். பொடவ, வேட்டி, கயிறு, கழி, எது இருக்கோ அத நீட்டு, இல்ல வீசு. மூடி போட்ட காலி தண்ணி கேன் இருவது லிட்டர் ஒன்னு போதும், தலைய மேல வச்சிக்க நாலஞ்சு கிலோ மெதப்பு தான் வேணும்.

காட்பாடி_தம்பி

எல்லாருக்கும் எப்டி நன்றி சொல்றதுன்னு தெரியல. போன சனிக்கெழம ஊருக்கு வந்து அண்ணனோட ஆத்துல நடந்தேன், மூணு மணி நேரம். பாலத்துல பஸ்ல போகும்போது மட்டமா தெரியுதே, எறங்கி நடந்தா தான் தெரியுது. ஒரு எடத்துல ஓரத்துல நின்னு பாத்தா கீழ எங்க வீட்டு மாடி உயரம், நேர் செங்குத்து, அடில கொஞ்சம் பச்ச தண்ணி, ஒரு செருப்பு மெதந்துக்கினு இருந்துச்சு. அண்ணன் மூங்கில் கழிய ஓரத்துல ஊனி காமிச்சாரு, ஊனின ஒடனே ஒரு கூடை மணல் சத்தமே இல்லாம சரிஞ்சி போச்சு. அதுலருந்து பத்தடி தள்ளி மணல் வீடு கட்டறா மாதிரி மட்டமா இருக்கு. தண்ணி மூடியிருந்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒடஞ்ச தரைப்பாலத்து சிமெண்டு துண்டு கம்பி நீட்டிக்கினு கெடந்தத வேற பாத்தேன்.

சித்தப்பா பசங்ககிட்ட போட்டோ எல்லாம் காமிச்சேன். அதுல ரெண்டு பேருக்கு மெதக்கவே தெரியாதுன்னு அப்ப தான் வாய தொறந்தானுங்க, வெக்கப்பட்டு சொல்லாம இருந்திருக்கானுங்க, இவனுங்களையும் கூட்டிக்கினு தான் நான் ஆத்துல எறங்க பாத்தேன். இந்த வருஷம் ஆறு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். அக்கா, உங்க மாமனார் இன்னும் சொல்லித்தர்றாரா? நாங்க அஞ்சு பேர், என் தங்கச்சியும் வரேன்னு சொல்றா.

ஆரணி_அக்கா

அவருக்கு எழுவத்தஞ்சு ஆவுது, கேட்டதும் கேன் எங்க வச்சேன்னு தேட ஆரம்பிச்சிட்டாரு. ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்குள்ள வந்துடுங்க, வெயில் ஏறினா அவருக்கு ஆகாது. தங்கச்சிய சுடிதார்ல வர சொல்லுங்க, துப்பட்டா வேணாம். எதுவும் சாப்ட்டுட்டு வராதீங்க, களியும் கொழம்பும் பண்ணி வைக்கறேன், முடிச்சிட்டு சாப்டலாம்.

பாலாத்தங்கரை

டிராக்டர் டியூப் ஒன்னு என்கிட்ட கீது, காத்து அடிச்சி நான் எடுத்தாரேன். வாத்தியார் சாரும் வந்தா நல்லா இருக்கும்.

வாலாஜா_வாத்தியார்

வரேன். கயிற நான் புடிச்சிக்கறேன்.